வெயில் ஏறுனதுல இருந்து தட்டைப்பயறு வேர்ல முடிச்சு சரியா பிடிக்கல, மண்ணுக்குள்ள என்ன நடக்குது?

வேர்க்கால்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மத்தவங்க எழுதறத படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் முதல் தடவையா நான் கேக்கறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

ஒரே பாத்தில அஞ்சு வருஷமா தட்டைப்பயறு போடறேன். யூரியா எதுவும் கிடையாது. பூ எடுக்கற சமயத்துல ரெண்டு மூணு செடிய மண்ணோட தோண்டி எடுத்து, ஒரு வாளி தண்ணில ஊற வச்சு, மண்ணு தானா கரைஞ்ச அப்புறம் வேர பாக்கறது என் பழக்கம். முதல் மூணு வருஷமும் ஆணிவேர ஒட்டி முடிச்சு கொத்து கொத்தா இருக்கும், நகத்தால கிள்ளுனா உள்ள ரத்தம் மாதிரி செவப்பா இருக்கும், அத பாக்கறதே ஒரு சந்தோஷம். போன வருஷமும் இந்த வருஷமும் அப்படி இல்ல. விதைச்ச பத்தாம் நாள்ல இருந்து சுட்டெரிக்கற வெயில், ராத்திரி கூட சூடு எறங்கல, மூணு வாரம் சொட்டு மழை இல்ல, அப்புறம் ஒரே ராத்திரில கொட்டி தீத்துருச்சு. தோண்டி பாத்தா ஆணிவேர் மொட்டையா இருக்கு. பக்கவேர்ல, அதுவும் கொஞ்சம் ஆழத்துல, மிளகு அளவுல ஒண்ணு ரெண்டு. கிள்ளுனா சிலது வெள்ளையா, சிலது அழுக்கு பச்சையா இருக்கு. அடி இலையெல்லாம் மஞ்சள்.

என் கேள்வி இது தான். முடிச்சுக்குள்ள இருந்து காத்து நைட்ரஜன பிடிச்சு செடிக்கு கொடுக்குமே, சூட்டுல அந்த பாக்டீரியா செத்துப்போச்சா? இல்ல பாக்டீரியா இருக்கு, செடிக்கும் அதுக்கும் நடுவுல ஏதோ மாறிப்போச்சா? காலநிலை மாற்றம்னு தேடுனா மழை, கடல், பனிப்பாறைனு தான் வருது, காலுக்கு அடில ஒரு அடி ஆழத்துல என்ன ஆகுதுனு யாரும் வெளக்கமா சொல்ல மாட்டேங்கறாங்க. தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க, எவ்வளவு நீளமா இருந்தாலும் படிக்கறேன்.

ஈரமண்:

தோண்டி எடுத்து ஊற வச்சு பாக்கறீங்க பாருங்க, அதுக்கே முதல்ல நன்றி. நிறைய பேரு செடிய பிடிச்சு இழுத்துருவாங்க, முடிச்செல்லாம் அறுந்து மண்ணுலயே நின்னுரும், அப்புறம் முடிச்சே இல்லனு எழுதுவாங்க. நீங்க பாத்தது சரியான முறைல பாத்தது, அதனால அத வச்சே பேசலாம். நான் மண் உயிரியல் லேப்ல வேல பாக்கறேன், பயறு வகை வேர் தான் தினமும் கைல இருக்கும்.

செத்துப்போச்சானா, அநேகமா முழுசா சாகல. ரைசோபியம், அதான் அந்த முடிச்சு பாக்டீரியா, செடியே இல்லாம கூட மண்ணுல வருஷக்கணக்கா காத்துட்டு இருக்கும். மேல் மண்ணு கொதிச்சப்ப அங்க எண்ணிக்கை குறைஞ்சிருக்கும், அது உண்மை. பெரும்பாலான ரைசோபியம் லேப்ல 28ல இருந்து 31 டிகிரில தான் நல்லா வளரும், 37 டிகிரில நிறைய வகை வளரறதையே நிறுத்திரும். வெயில்ல வெறுமனே கிடக்கற மண்ணோட மேல் தோல் 50 டிகிரிய தாண்டறது அபூர்வம் ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு மூணு இஞ்சுக்கு கீழ நிலைமை வேற, அங்க அது இருந்துட்டு தான் இருக்கும்.

உங்க முடிச்சு இருக்கற இடமே கதைய சொல்லிருது. ஆணிவேர் மேல்பக்கம் பிடிக்கற முடிச்சு செடி குட்டியா இருக்கும்போதே பேச்சுவார்த்தை நடந்து முடிஞ்சதுக்கு அடையாளம். பக்கவேர்ல ஆழத்துல இருக்கறது பின்னாடி வந்தது. அதாவது மொத சில வாரத்துல அந்த சந்திப்பே நடக்கல, மழை விழுந்து புது வேர் எறங்குன அப்புறம் தான் நடந்திருக்கு. ஏன் நடக்கலனு பாக்கணும். வேர் ஃப்ளேவனாய்டுனு ஒரு பொருள கசிய விடும், அத மோந்து பாக்டீரியா பதிலுக்கு நாட் ஃபேக்டர்னு ஒண்ண அனுப்பும், அது வந்ததும் வேர்த்தூவி கொக்கி மாதிரி வளையும், அந்த வளைவுக்குள்ள சிக்கற பாக்டீரியா ஒரு மெல்லிய குழாய் வழியா உள்ள போகும். இதெல்லாம் கண்ணுக்கு தெரியாத அளவு மெல்லிசான வேர்த்தூவில நடக்குது. மண்ணு காஞ்சா மொத அடி வாங்கறது அந்த தூவி தான். கடிதம் போட ஆள் இருக்கு, படிக்க ஆள் இருக்கு, நடுவுல தபால் போற ஈரம் இல்ல.

அடுத்து அந்த அழுக்கு பச்சை. செவப்பு நிறத்துக்கு காரணம் லெக்ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்கறதோட சொந்தக்காரன்னே சொல்லலாம். நைட்ரஜன பிடிக்கற நைட்ரோஜினேஸ் என்சைமுக்கு ஆக்சிஜன் பட்டா ஆகாது, கெட்டுப்போயிரும், ஆனா பாக்டீரியாவுக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேணும். இந்த ரெண்டையும் ஒரே அறைக்குள்ள சமாளிக்கறது தான் அந்த செவப்பு, சொட்டு சொட்டா அளந்து ஆக்சிஜன் கொடுக்கும். ஒரு நைட்ரஜன் மூலக்கூற உடைக்க குறைஞ்சது 16 ஏடிபி (செல்லுக்குள்ள சக்திக்கு செலவாகற மூலக்கூறு) செலவு, அத்தனையும் செடி அனுப்பற சர்க்கரைல இருந்து தான் வரணும். வறட்சி வந்தா செடி மொதல்ல கை வைக்கற செலவுகள்ல இதுவும் ஒண்ணு. ஒளிச்சேர்க்கை குறையறதுக்கு முன்னாடியே நைட்ரஜன் பிடிக்கறது குறைய ஆரம்பிச்சிரும், முடிச்சுக்குள்ள போற ஆக்சிஜன் வழி இறுகிரும், அப்படியே நீடிச்சா செவப்பு சிதைஞ்சு பச்சையாயிரும். நீங்க கிள்ளி பாத்தது கணக்க முடிச்சுட்ட ஒரு முடிச்சு.

கணக்குனு சும்மா சொல்லல. 2003ல டோபி கியர்ஸ் குழு நேச்சர் இதழ்ல போட்ட ஒரு சோதனை இருக்கு, இத எத்தன தடவ படிச்சாலும் எனக்கு ஆச்சரியம் தான். சோயா வேர் முடிச்சுகள சுத்தி இருக்கற காத்துல நைட்ரஜன எடுத்துட்டு அதுக்கு பதிலா ஆர்கான விட்டாங்க. பாக்டீரியா அதே நல்ல பாக்டீரியா தான், ஆனா பிடிச்சு கொடுக்க கிட்டத்தட்ட நைட்ரஜனே இல்ல. செடிக்கு இது தெரிஞ்சு போச்சு, அந்த முடிச்சுக்கு போற ஆக்சிஜன குறைச்சிருச்சு, அங்க பாக்டீரியா பெருக்கம் பாதியளவுக்கு எறங்கிருச்சு. வேல செய்யாதவனுக்கு படி கிடையாது, அவ்வளவு தான். ஆக இது பாசத்துல நடக்கற உறவு இல்ல, கறாரான கொடுக்கல் வாங்கல். செடிகிட்ட எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கு, அதுக்கு இப்ப எது அவசரம், எதிர்ப்பக்கம் கொடுக்க என்ன இருக்கு, இது மூணும் தான் அந்த உறவ பிடிச்சு நிறுத்துது. காலநிலை மாற்றம் மூணுலயும் ஒரே நேரத்துல கை வைக்குது. ராத்திரி சூடா இருந்தா செடி மூச்சு விட்டே பகல்ல சம்பாதிச்சத கரைக்கும், வேருக்கு அனுப்ப மிச்சம் கம்மி. நீங்க "ராத்திரி கூட சூடு எறங்கல"னு எழுதுனத நான் ரெண்டு தடவ படிச்சேன், ஏன்னா நிறைய பேரு பகல் உச்சத்த மட்டும் தான் பாப்பாங்க.

பச்சை_இலை:

ஒரு சந்தேகம், தப்பா இருந்தா திருத்துங்க. காத்துல கார்பன் டை ஆக்சைடு கூடுனா செடி அதிகமா சர்க்கரை பண்ணும்னு தானே ஸ்கூல்ல படிச்சோம்? அப்ப வேருக்கு போறதும் அதிகமாகும், முடிச்சுக்கும் வேரோட கூட்டா வாழற பூஞ்சைக்கும் சாப்பாடு ஜாஸ்தி, இது நல்லது தானே? ஒரு பக்கம் கெடுதல்னா இன்னொரு பக்கம் ஈடு கட்டிராதா?

நூல்வலை:

@பச்சை_இலை நல்ல கேள்வி, இத கேக்காம விட்டா பாதி விஷயம் தான் பேசுன மாதிரி இருக்கும். பாதி சரி. தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம் (பத்து லட்சத்துல 280 பங்கு) கிட்ட இருந்தது இப்ப 420ஐ தாண்டிருச்சு, செடிக்கு கார்பன் கிடைக்கறது சுலபமா தான் ஆயிருக்கு, வேர் பக்கம் அனுப்பறதும் பல சோதனைகள்ல கூடியிருக்கு. ஆனா செடி கார்பன் மட்டும் வச்சு உடம்பு கட்ட முடியாது, நைட்ரஜன், பாஸ்பரஸ், தண்ணி எல்லாம் அதே அளவுக்கு கூட வரணும். வரலனா எங்கயோ போய் முட்டிக்கும்.

இது வெறும் தியரி இல்ல. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ்ங்கற ஆராய்ச்சி இடத்துல 1990கள் கடைசில ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஒரு ஸ்வீட்கம் மரத்தோப்புக்குள்ள குழாய் வச்சு கூடுதல் கார்பன் டை ஆக்சைடு ஊதிட்டே இருந்தாங்க. மொத வருஷங்கள்ல மரம் நல்லா தெளிவா கூடுதலா வளந்துச்சு, போக போக அந்த கூடுதல் தேஞ்சு போச்சு, நைட்ரஜன் பத்தல. அங்கயே டியூக் பல்கலைக்கழகத்து பைன் காட்டுல இதே மாதிரி பண்ணப்ப கூடுதல் வளர்ச்சி தேயாம நின்னு பிடிச்சுது. 2016ல சயின்ஸ் இதழ்ல வந்த ஒரு அலசல் இப்படி உலகம் பூரா நடந்த சோதனைகள சேத்து பாத்து ஒரு விஷயம் சொல்லுச்சு: வேர்ல எந்த வகை பூஞ்சை கூட்டாளியா இருக்குங்கறது தான் பெரிய வித்தியாசம். பைன், ஓக் மாதிரி மரங்களோட வேர் நுனிக்கு வெளில உறை மாதிரி போத்திக்கற எக்டோமைக்கோரைசா மண்ணுல மக்காம கெடக்கற பொருள்ல இருந்து கூட நைட்ரஜன உருவி எடுத்து கொடுக்கும், அதனால அந்த மரங்கள் நைட்ரஜன் கம்மியான மண்ணுலயும் கூடுதல் கார்பன பயன்படுத்திக்கிச்சு. வேர் செல்லுக்குள்ளயே போய் குட்டி மரம் மாதிரி கிளை விடற ஆர்பஸ்குலர் வகை, நம்ம ஊர்கள்ல வேம்னு சொல்றது, அது பாஸ்பரஸ்ல கெட்டிக்காரன் ஆனா நைட்ரஜன்ல அந்த அளவுக்கு இல்ல, அதனால நைட்ரஜன் கம்மியான மண்ணுல அந்த செடிகளுக்கு லாபம் நிக்கல. நிலத்துல இருக்கற செடி வகைகள்ல 70 சதவீதத்துக்கு மேல இந்த ரெண்டாவது வகை, உங்க பயிர்கள்ல முக்காவாசியும் அதுல தான் வரும்.

இன்னொண்ணு, வேருக்கு போற கார்பன் எல்லாம் மண்ணுல தங்கிரும்னு நெனைக்காதீங்க. புதுசா சர்க்கரை வந்து விழுந்தா மைக்ரோப்ஸ்க்கு, அதாவது மண்ணு நுண்ணுயிருக்கு, தெம்பு வந்து, பல வருஷமா அப்படியே கெடந்த பழைய மக்கையும் சேத்து பிரிச்சு மேய ஆரம்பிச்சிரும். 2012ல ஒரு சோதனைல கூடுதல் கார்பன் டை ஆக்சைடுல வேம் பூஞ்சை பெருகுன இடத்துல மண்ணோட மக்கு சிதையறதும் வேகமாச்சுனு காட்டுனாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் இந்த பூஞ்சை கூடுனா மண்ணுல கார்பன் சேரும்னு தான் எல்லாரும் நம்பிட்டு இருந்தோம். சூடும் சேந்தா சொல்லவே வேணாம். அமெரிக்காவுல ஹார்வர்ட் ஃபாரஸ்ட்ங்கற ஆராய்ச்சி காட்டுல 1991ல இருந்து காட்டு மண்ணுக்கு அடில சூடாக்கற கேபிள் பதிச்சு சுத்தி இருக்கற மண்ண விட 5 டிகிரி அதிகமா வச்சிருக்காங்க. 26 வருஷ கணக்கு 2017ல வந்துச்சு. கார்பன் வெளியேறறது ஒரே சீரா நடக்கல, சில வருஷம் வேகமா போகும், அப்புறம் அடங்கும், அடங்குன காலத்துல மைக்ரோப்ஸ் கூட்டமே ஆள் மாறி புது வேலைய கத்துக்கும், மறுபடி வேகம் எடுக்கும். அவசரப்பட்டு பத்து வருஷத்துல நிறுத்தியிருந்தா "பழகிருச்சு, பயமில்ல"னு முடிவு எழுதியிருப்பாங்க.

இந்த பூஞ்சை உறவு எவ்வளவு பழசுனா, ஸ்காட்லாந்துல ரைனினு ஒரு இடத்துல கிடைச்ச 40 கோடி வருஷத்துக்கு மேல பழைய பாறைல, வேர்னு ஒரு உறுப்பே சரியா உருவாகாத ஆதி செடியோட தண்டுக்குள்ள இந்த குட்டி மர வடிவம் கல்லா உறைஞ்சு இருக்கு. அதுக்கு அப்புறம் எத்தனையோ பனியுகம், எத்தனையோ சூடான காலம் வந்து போச்சு, உறவு அறுந்து போகல. அதனால பூஞ்சையே அழிஞ்சிரும்னு நான் சொல்ல மாட்டேன். என் கவலை வேகத்த பத்தினது. செடியோட விதை காத்துல, பறவை வயித்துல போய் தூரத்துல குளுமையான எடத்துல விழுந்துரும். பூஞ்சை அதே வண்டில ஏறாது. தென் அரைக்கோளத்துல பைன் தோட்டம் போட்டப்ப பல எடத்துல கன்னுங்க மஞ்சளாகி நின்னுருச்சு, கரீபியன் தீவு புவேர்ட்டோ ரிக்கோல கூட இதே கதை தான், 1950கள்ல பைன் காட்டு மண்ண கொண்டு வந்து வேர்ல போட்ட அப்புறம் தான் கன்னு எழுந்துச்சு. சூடு துரத்தி மரங்கள் எடம் மாறப்போற காலத்துல இந்த ஞாபகம் எனக்கு அடிக்கடி வரும்.

தாமரைத்தண்டு:

நடுவுல வர்றேன், ஆனா இத சொல்லாம போக முடியல. அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் பூங்காவுல வெந்நீர் ஊத்துக்கு பக்கத்துல கொதிக்கற மண்ணுல ஒரு புல்லு வளருது. அந்த புல்லுக்குள்ள குர்வுலேரியானு ஒரு பூஞ்சை குடியிருக்கு. பூஞ்சை இல்லாத புல்லு 38 டிகிரிக்கு மேல தாங்கல, பூஞ்சை தனியா வளத்தாலும் அதே கதி, ரெண்டும் சேந்தா 65 டிகிரி மண்ணுல நிக்குது. இதோட முடியல, 2007ல சயின்ஸ்ல வந்தது என்னன்னா அந்த பூஞ்சைக்குள்ள ஒரு வைரஸ் இருக்கு, வைரஸ எடுத்துட்டா பூஞ்சை இருந்தும் புல்லு சூடு தாங்கல, திரும்ப சேத்தா தாங்குது. மூணு பேரு சேந்து தான் அந்த ஒத்த புல்லு. செடியோட சூடு தாங்கற சக்தினு நாம டேபிள் போட்டு எழுதறோமே, அது செடியோட நம்பரா இல்ல அதுக்குள்ள இருக்கற கூட்டத்தோட நம்பரானு அன்னைக்கு இருந்து எனக்கு சந்தேகம்.

மேட்டுநிலம்:

நான் படிச்சவன் இல்ல, ஆனா வேர்க்கால் சொன்ன மாதிரியே எனக்கும் ஆச்சு, அதனால நான் செஞ்சத சொல்றேன். ஒரே வரிசைல பாதிக்கு காஞ்ச இலை தழைய ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்கு போட்டேன், மீதி பாதிய வெறும் மண்ணா விட்டேன். ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்சு ஆழத்துல தெர்மாமீட்டர் குத்தி மத்தியானம் பாத்தா பத்து டிகிரிக்கு மேல வித்தியாசம். மூடாக்கு பக்கம் மண்ணு கைல எடுத்தா கட்டிக்கு உள்ள வெள்ளை நூல் ஓடும், பிச்சா லேசா இழுத்து பிடிக்கும், வெறும் மண்ணு பக்கம் பொடி தான். முடிச்சும் மூடாக்கு பக்கம் மேல்வேர்லயே இருந்துச்சு.

இன்னொரு விஷயம், ரொம்ப நாள் காஞ்ச மண்ணுல திடீர்னு பெரிய மழை விழுந்தா ஒரு வாசனை கிளம்பும்ல, அத நாம ரசிக்கறோம், ஆனா அந்த நேரத்துல மண்ணுல இருந்து கார்பனும் நைட்ரஜனும் ஒரே மூச்சுல வெளில போகுதுனு ஒரு மண்ணு ஆராய்ச்சி பண்றவரு என்கிட்ட சொன்னாரு. அது சரியா?

ஈரமண்:

@மேட்டுநிலம் ரொம்ப சரி. 1958லயே பர்ச்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத அளந்து எழுதிட்டார், அவர் பேர்லயே பர்ச் விளைவுனு சொல்றோம். காஞ்ச மண்ணுல மைக்ரோப்ஸ் தண்ணிய இழக்காம இருக்க உடம்புக்குள்ள சில பொருள சேத்து வச்சிருக்கும், திடீர்னு வெள்ளம் வந்தா அத கொட்டித்தான் ஆகணும், இல்லனா வெடிச்சிரும். கொஞ்சம் செத்துப்போகும், செத்தத மிச்சம் இருக்கறது சாப்பிடும், ஒரு ரெண்டு நாளைக்கு கார்பன் டை ஆக்சைடு பொங்கி வரும். நைட்ரஜனும் அப்ப தான் அவுந்து வரும், ஆனா வேர் காஞ்சு கெடக்கறதால உடனே உறிஞ்சிக்க முடியாது, அது கீழ எறங்கி போயிரும் இல்லனா நைட்ரஸ் ஆக்சைடு வாயுவா மேல போயிரும். அளவா அடிக்கடி பெய்யற மழைக்கும் மூணு வாரம் காஞ்சு ஒரே ராத்திரி கொட்டறதுக்கும் மொத்த சென்டிமீட்டர் ஒண்ணா இருந்தாலும் வேர் பக்கம் ரெண்டும் வேற வேற மழை.

உங்க வெள்ளை நூல் எல்லாமே வேம் இல்ல, அதுல நிறைய மக்க வைக்கற பூஞ்சை தான், வேம் நூல் வேர்த்தூவிய விட மெல்லிசு, வெறும் கண்ணுக்கு சிக்காது. ஆனா நூல் ஓடற மண்ணு நல்ல மண்ணு, அதுல மாத்துக்கருத்து இல்ல.

வேர்க்கால்:

இவ்வளவு பொறுமையா எழுதுன எல்லாருக்கும் மனசார நன்றி. ஈரமண் எழுதுனத பிரின்ட் எடுத்து வச்சுக்கிட்டேன். ரெண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கறேன். ஒண்ணு, இந்த தடவ செடி மஞ்சளா இருக்கறத பாக்க மனசு கேக்கல, கொஞ்சம் யூரியா தெளிச்சுரலாமானு தோணுது. ரெண்டு, உயிர் உரம்னு பாக்கெட்ல ரைசோபியமும் வேமும் கிடைக்குது, அத போட்டா இழந்தது திரும்ப வருமா?

ஈரமண்:

யூரியா பத்தி மொதல்ல. ஒரு பயிர காப்பாத்த கொஞ்சம் போடறது குத்தம் இல்ல, மஞ்சளான செடிய பாத்துட்டு சும்மா இருனு சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா பழக்கமா ஆக்காதீங்க. நைட்ரஜன் சும்மா கிடைச்சா செடி முடிச்சுக்கு செலவு பண்ணாது, அது இந்த வருஷத்து கதை. இன்னும் ஆழமான கதை ஒண்ணு 2015ல வந்துச்சு. 22 வருஷம் நைட்ரஜன் உரம் போட்டுட்டே வந்த நிலத்துல இருந்தும், பக்கத்துலயே போடாத நிலத்துல இருந்தும் க்ளோவர்ங்கற பயறு குடும்பத்து செடியோட ரைசோபியத்த எடுத்து புது செடில விட்டு பாத்தாங்க. உரம் போட்ட நிலத்து பாக்டீரியா செடிக்கு கொடுத்த நன்மை கம்மியா இருந்துச்சு. அதாவது கூட்டாளியோட குணமே மாறிருச்சு. செடி கறாரா இல்லாத இடத்துல நேர்மையா வேல செய்யறவனுக்கு என்ன லாபம், அப்படித்தான் நான் அத புரிஞ்சுக்கறேன்.

பாக்கெட் விஷயத்துல நேரா சொல்றேன். ரைசோபியம் நல்ல தரமா, உங்க பயறுக்கு ஏத்த வகையா, காலாவதி ஆகாம, வெயில்ல வைக்காம இருந்தா விதைல தடவி போடறது பலன் தரும், குறிப்பா அந்த பயறு இதுவரை போடாத நிலத்துல. உங்க பாத்தில அஞ்சு வருஷமா தட்டைப்பயறு போட்டிருக்கீங்க, அங்க ஏற்கனவே ஆள் இருக்கு, ஆள் பஞ்சம் உங்க பிரச்சினை இல்ல. வேம் பாக்கெட்டுகள்ல பலதுல உயிரோட இருக்கற வித்தே இல்லனு பல நாட்டு பரிசோதனைல தெரிஞ்சிருக்கு, நானும் சிலத மைக்ராஸ்கோப்ல பாத்து ஏமாந்திருக்கேன். சூடான காஞ்ச மண்ணுல வெளியூர் ஆள எறக்கி விட்டா அவனும் அதே சூட்டுல தான் நிக்கணும்.

ஆனா உள்ளூர் ஆள் விஷயத்துல நம்பிக்கை தர்ற சோதனைங்க இருக்கு, இத கொஞ்சம் விரிவா சொல்ல ஆசை. 2012ல லாவ், லெனன்னு ரெண்டு பேரு கடுகு குடும்பத்து ப்ராசிகா செடிய சில தலைமுறைக்கு ஒரு பக்கம் காஞ்ச மண்ணுலயும் ஒரு பக்கம் ஈர மண்ணுலயும் வளத்தாங்க. கடைசில செடிகளையும் மண்ணையும் மாத்தி மாத்தி வச்சு பாத்தா, வறட்சில நல்லா செஞ்சது வறட்சிய பாத்து பழகுன மைக்ரோப்ஸ் கூட இருந்த செடி, அந்த செடியோட அம்மா பாட்டி எங்க வளந்துச்சுங்கறது அவ்வளவா பொருட்டே இல்ல. மைக்ரோப்ஸ்க்கு தலைமுறை மணிக்கணக்கு, நாள்கணக்கு, அதனால அது செடிய விட வேகமா மாறிருச்சு. 2023ல சயின்ஸ்ல மரக்கன்னு வச்சு இதையே காட்ல பண்ணி பாத்தாங்க, வறண்ட இடத்து மண்ணோட மைக்ரோப்ஸ கூட்டி வந்து நட்ட கன்னுங்க வறட்சில அதிகம் பொழைச்சுது, சூடான இடத்துதோட நட்டது சூட்டுல, குளிர் இடத்துதோட நட்டது குளிர்ல.

எல்லாமே இப்படி நல்லா போகும்னு சொல்ல மாட்டேன். வறட்சில வேருக்குள்ள ஸ்ட்ரெப்டோமைசிஸ் மாதிரி ஒரு பாக்டீரியா கூட்டம் ஏறி உக்காந்துக்கும், சோளத்துல 2018ல இத தெளிவா காட்டுனாங்க, அங்க தண்ணி விட்டதும் பழைய நிலைமை சீக்கிரம் வந்துருச்சு. நெல்லுல 2021ல பாத்தப்ப வறட்சி ரொம்ப நாள் நீண்டுருச்சுனா தண்ணி விட்ட அப்புறமும் பழைய கூட்டம் திரும்பல. அந்த கோடு எங்க இருக்கு, எத்தனை நாள் காஞ்சா திரும்ப முடியாதுங்கறது பயிருக்கு பயிர், மண்ணுக்கு மண்ணு மாறும். அப்புறம் சூடு கூடுன மண்ணுல செடிக்கு நோய் கொடுக்கற பூஞ்சையோட பங்கு கூடுதுனு 2020ல உலக அளவுல மண்ணு சேத்து பாத்த ஒரு ஆய்வு சொல்லுச்சு. நல்லவன் நொந்து கெடக்கற சமயத்துல வேர் வாசல்ல இடம் காலியா இருக்குமா, இவன் வந்து உக்காந்துருவான்.

அதனால நீங்க செய்ய வேண்டியது மேட்டுநிலம் சொன்னது தான். மண்ண வெறுமனே வெயில்ல விடாதீங்க. பயறு இல்லாத மாசங்கள்ல ஏதாவது ஒரு வேர் மண்ணுக்குள்ள உயிரோட இருக்கட்டும், வேம் பூஞ்சைக்கு செடி இல்லனா சோறு இல்ல, தனக்கு வேண்டிய கொழுப்ப கூட அது செடிகிட்ட தான் வாங்கிக்குதுனு 2017ல தெரிய வந்துச்சு. ஆழமா கொத்தி பிரட்டாதீங்க, நூல் அறுந்துரும். பாக்கெட்டுக்கு பதிலா, இதே பயறு வெயில தாங்கி நின்ன பக்கத்து மண்ணு எங்கயாவது நோய் இல்லாம இருந்தா ஒரு கூடை எடுத்து வந்து விதைக்குழில ஒரு பிடி போட்டு பாருங்க, ஒரு வரிசைல மட்டும், ஒப்பிட ஒரு வரிசைய சும்மா விடுங்க.

வேம் இருக்கா இல்லையானு நீங்களே பாக்கலாம். மெல்லிசான வேர கழுவி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல சூடு பண்ணி வெளுக்க வைக்கணும், கையுறை கண்ணாடி கட்டாயம், தோல்ல பட்டா புண்ணாக்கிரும். நல்லா அலசிட்டு, வினிகர்ல 5 சதவீதம் ஃபவுண்டன் பேனா இங்க் கலந்து அதுல மூணு நிமிஷம் கொதிக்க விட்டு, அப்புறம் சில சொட்டு வினிகர் விட்ட தண்ணில அலசுனா வேர் வெளுத்துரும், பூஞ்சை மட்டும் நிறம் பிடிச்சு நிக்கும். சாதாரண காலேஜ் மைக்ராஸ்கோப் போதும்.

வேர்க்கால்:

ரெண்டரை மாசம் கழிச்சு வர்றேன். யூரியா தெளிக்கல. அந்த பயிர் போனது போகட்டும்னு விட்டுட்டு அடுத்ததுக்கு மூணு வரிசை போட்டேன், ஒண்ணு வெறும் மண்ணு, ஒண்ணு மூடாக்கு, ஒண்ணு மூடாக்கும் விதைக்குழில வெளி மண்ணும். இந்த தடவயும் நடுவுல பதினேழு நாள் மழை இல்ல.

நேத்து தோண்டுனேன். வெறும் மண்ணுல பழைய கதை தான். மூடாக்கு போட்ட ரெண்டு வரிசைலயும் ஆணிவேர்ல முடிச்சு இருக்கு, பழைய மாதிரி கொத்து கொத்தா இல்ல, ஆனா கிள்ளுன ஆறுல அஞ்சு செவப்பு. வெளி மண்ணு போட்டதுக்கும் போடாததுக்கும் கண்ணுக்கு பெருசா வித்தியாசம் தெரியல, ஒரு தடவைல சொல்ல முடியாது, அடுத்த தடவயும் போட்டு பாக்கணும்.

இங்க் சோதனையும் பண்ணேன், தெரிஞ்ச ஒரு டீச்சர் மைக்ராஸ்கோப் கொடுத்தாங்க. மொத நாலு வேர்ல ஒண்ணும் இல்ல, நான் தான் சரியா வெளுக்க வைக்கலயோனு இன்னும் கொஞ்ச நேரம் சூடு பண்ணேன். அஞ்சாவது வேர், மூடாக்கு வரிசையோடது, ஃபோகஸ மெதுவா திருப்பிட்டே வந்தப்ப வேர் செல்லு வரிசைக்கு நடுவுல நீல நூல் ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, அங்கங்க முட்டை மாதிரி உருண்டை, ஒரு செல்லுக்குள்ள அந்த குட்டி மரம், நூல்வலை சொன்ன அதே 40 கோடி வருஷத்து வடிவம். டீச்சரையும் கூப்பிட்டு காமிச்சேன், அவங்க ரொம்ப நேரம் கண்ண எடுக்கவே இல்ல.

ஈரமண், அந்த உருண்டை வேம் பூஞ்சை கொழுப்பு சேத்து வைக்கற வெசிக்கிள் தானே? போட்டோ மங்கலா வந்திருக்கு, நாளைக்கு திரும்ப எடுத்து போடறேன். வெறும் மண்ணு வரிசையோட வேரும் எட்டு துண்டு தனி டப்பால எடுத்து வச்சிருக்கேன், அதையும் பாத்துட்டு எண்ணி எழுதறேன்.